சேதாரத்துக்கு முப்பது தாள்

புத்தகம் போடுகிறவனுக்கு எத்தனை ரீம் தாள் வேண்டும் என்று தெரியும், எத்தனை டப்பா மை ஆகும் என்று தெரியும், அட்டை அடிப்பவர் சொன்ன தேதியில் தரமாட்டார் என்பதும் தெரியும். அந்தப் புத்தகம் கடைசியில் யார் கைக்குப் போய்ச் சேரும் என்பது மட்டும் தெரியவே தெரியாது.

இந்தத் தொழிலில் என்னைப்போல் மாட்டிக்கொண்டு விழித்தவர்கள் இதைப் படித்தால் தலையாட்டுவீர்கள். எழுபதுகளின் பின்பாதியில் புதுச்சேரியில் நான் ஒரு பதிப்பகம் நடத்தினேன். நடத்தினேன் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு ரப்பர் ஸ்டாம்பு, ஒரு லெட்டர்பேடு, நான். பகலில் தட்டாஞ்சாவடியில் ஒரு சோப்புக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் பதிப்பாளர். என் வீட்டுக்காரி என்னை யாரிடமாவது அறிமுகப்படுத்தினால் முதல் வேலையை மட்டும்தான் சொல்வாள். பத்துப் பன்னிரண்டு புத்தகம் போட்டேன். அவற்றில் நாலாவதைப் பற்றி மட்டும் இங்கே சொல்கிறேன். இத்தனை வருஷம் கழித்து நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

பிஸ்கட் டின்

ஏகாம்பரம் சைக்கிள் கடைக்காரர். அதற்கு முன்னால் இருபத்தாறு வருஷம் மில்லில் தறி ஓட்டியவர். ஷெட்டை மூடியபோது வெளியே வந்தார். ஒருநாள் என் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைத் தூக்கிவந்து என் கேரியரில் வைத்துக் கட்டினார். "நீங்க பொஸ்தகம் போடறீங்களாமே, படிச்சிப் பாருங்க" என்றார். திறந்தால் மில் சீட்டுகள். ஒவ்வொன்றின் பின்பக்கமும் பென்சிலில் நுணுக்கி எழுதியிருந்தது. மொத்தம் நானூறு சீட்டு இருக்கும்.

இந்த மாதிரி டின்களையும் மூட்டைகளையும் எத்தனை பார்த்திருப்பீர்கள்! நானும் சலிப்போடுதான் மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிரித்தேன். கீழே வைக்க முடியாமல் படித்ததில் சோற்றுக் கை காய்ந்தே போய்விட்டது. இருநூறு தறி ஒரே நேரத்தில் கத்துகிற ஷெட்டில் ராஜவேலு என்று ஒரு பையன். எந்தத் தறியில் இழை அறப்போகிறது என்று கண்ணைத் திருப்பாமல் காதாலேயே சொல்லிவிடுவான். ஏகாம்பரத்துக்கு அம்மை போட்டுப் படுத்தபோது, அவருக்கு வேலை போகக்கூடாதென்று இருபது நாள் தன் தறியோடு அவர் தறியையும் சேர்த்து ஓட்டியவன். பிறகு ஒருநாள் வீட்டில் சொல்லாமல் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து கப்பல் ஏறிவிட்டான். சைகோனில் காய்ச்சலில் இறந்துபோனான். இப்படி ஒரு எழுத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்த மனுஷன் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தாரே என்று எனக்கு மலைப்பாக இருந்தது. கண்டிப்பாகப் போடுகிறேன் என்று போய்ச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"எம் பேர அட்டையில சின்னதா போட்டாலும் சரி சார். அவன் பேரு உள்ள நிக்கணும். இல்லன்னா அப்டி ஒருத்தன் இருந்தான்னே யாருக்கும் தெரியாமப் போயிடும்."

எட்டுப் பக்கத்துக்கு எழுத்து

கன்னியப்பனின் அச்சகம் முத்தியால்பேட்டையில் ஒரு மாவு மெஷினுக்குப் பின்னால் இருந்தது. காலால் மிதிக்கிற ஒரு டிரெடில் மெஷின், நாலு மர எழுத்துப் பெட்டி, அவ்வளவுதான் அச்சகம். அவரிடம் இருந்த ஈய எழுத்து சரியாக எட்டுப் பக்கத்துக்குத்தான் வரும். எட்டுப் பக்கத்தைக் கோத்து, புரூஃப் பார்த்து, ஆயிரம் தாள் அடித்து முடித்ததும் அத்தனை எழுத்தையும் பிரித்து அதனதன் அறையில் போட வேண்டும். அப்புறம்தான் அடுத்த எட்டுப் பக்கம். அந்த எட்டுப் பக்கத்துக்குப் பாரம் என்று பேர். ஆக, நூற்றிருபது பக்கப் புத்தகத்துக்கு அதே எழுத்து பதினைந்து தடவை பிறந்து பதினைந்து தடவை கலைய வேண்டும்.

கன்னியப்பன் எழுத்துக் கோப்பதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கண் சீட்டில் இருக்கும், கை பாட்டுக்கு அறை அறையாகப் போய்வரும். தலைகீழாகவும் இடவலமாகவும் நிற்கிற எழுத்தை, நான் தினசரிப் பேப்பர் படிப்பதைவிட வேகமாகப் படிப்பார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பேன். ஏகாம்பரம் ஒருநாள் ஓடிவந்து, பன்னிரண்டாம் பக்கத்தில் மேஸ்திரியைக் கொஞ்சம் கூடுதலாகத் திட்டிவிட்டேன், அதை எடுத்துவிட வேண்டும் என்றார். பன்னிரண்டாம் பக்கம் அடித்து, பிரித்து, நாலு நாள் ஆகியிருந்தது. கன்னியப்பன் நிமிரக்கூட இல்லை.

"அது போயிடுச்சிண்ணா. இப்ப அந்த எழுத்துல வேற கத நடக்குது."

மூன்று முறை பார்த்த புரூஃப்

புரூஃப் பார்ப்பது என் வேலை. ஏகாம்பரம் சீட்டைப் பார்த்து உரக்க வாசிப்பார், நான் அச்சான தாளைப் பார்த்துத் திருத்துவேன். ஐந்தாம் பாரத்துக்கு வந்தோம். முப்பத்தேழாம் பக்கத்தில்தான் ராஜவேலு இறக்கிறான். ஏகாம்பரம் எழுதியிருந்ததை அப்படியே சொல்கிறேன்: "காய்ச்சல் கண்ட ஐந்தாம் நாள் அவன் தண்ணீர் கேட்டான். கொடுத்தவன் கையைப் பிடித்துக்கொண்டு, ஊரில் இப்போது மழையா என்றான். மழைதான் என்றார்கள். அப்படியானால் சரி என்று கண்ணை மூடிக்கொண்டான்." ஏகாம்பரம் அதற்குமேல் வாசிக்காமல் சீட்டை என்னிடம் தள்ளினார். அந்த எட்டுப் பக்கத்தை மட்டும் மூன்று முறை புரூஃப் பார்த்தேன். ஒரு எழுத்துப் பிழை கூட இருக்கக்கூடாது என்று பிடிவாதம்.

இது உங்களுக்கு எப்படித் தெரியும், நீங்கள் சைகோன் போகவில்லையே என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன். அங்கிருந்து திரும்பிவந்த பட்டாளத்துக்காரன் ஒருவன் மில் வாசல் டீக்கடையில் சொன்னதாகவும், ஒரு சொல் விடாமல் மனசில் வைத்திருந்ததாகவும் சொன்னார். வேறு யாராவது சொன்னார்களா, வீட்டுக்குத் தகவல் வந்ததா என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. எழுத்தில் சொக்கிப்போன பதிப்பாளன் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் பார்ப்பான், ஆள் செத்தானா என்று பார்க்கமாட்டான். பெட்டிக்குப் பக்கத்திலிருந்து கன்னியப்பன் மெதுவாகச் சொன்னார்.

"கோக்கும்போது ரெண்டு தபா கீழ வெச்சிட்டு வெளிய போயிட்டு வந்தேன் சார். இருவது வருசமா கல்யாணப் பத்திரிகயும் கருமாதிப் பத்திரிகயும் கோக்குறேன், இப்டி ஆனதில்ல."

மடிக்க மறுத்த பாரம்

அடித்த தாள்களை மடித்து, அடுக்கி, தைக்கிற வேலை அம்சவேணிக்கு. இரண்டு தெரு தள்ளி வீடு. முப்பத்தைந்து வயது இருக்கும். ஒரு மூங்கில் பட்டையை வைத்துக்கொண்டு இழுத்தால் மடிப்பு முடி இழை பிசகாது. பக்க எண்ணைப் பார்த்து மடிக்கிற சாக்கில் ஒவ்வொரு புத்தகத்தையும் படித்துவிடுவாள். எங்கள் முதல் வாசகி அவள்தான். சில புத்தகங்களுக்குக் கடைசி வாசகியும் அவள்தான். இந்தப் புத்தகத்தையும் அவளிடமே கொடுக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் ஏகாம்பரம். "ராஜவேலுவோட தங்கச்சி சார். அண்ணன் கதைய அவ கையால தெக்கட்டும்" என்று ஆசையாகச் சொன்னார். மில் கதை என்று மட்டும்தான் அவளுக்குத் தெரியும். போகட்டும், மடிக்கும்போது பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று இருந்துவிட்டோம்.

ஒன்பது பாரம் அடித்தாகிவிட்டது, பத்தாவது கோத்து மெஷினில் ஏற்றத் தயாராக இருந்தது. அன்றைக்கு அம்சவேணி ஒரு கட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து கன்னியப்பனின் மேஜைமேல் இறக்கினாள். ஐந்தாம் பாரம், ஆயிரம் தாள், மடிக்காமல் அப்படியே. ஏகாம்பரமும் அங்கேதான் இருந்தார். "எங்கண்ணன் செத்தான்னு ஒனக்கு யாருண்ணா சொன்னது?" என்று கேட்டாள். ஊரே சொன்னதேம்மா என்றார் ஏகாம்பரம். "ஊர் சொல்லுச்சி. சர்க்கார் சொன்னாங்களா? ஒரு கடுதாசி வந்துதா? எங்கம்மா சாவுற வரிக்கும் அவனுக்குக் கருமாதி பண்ணல. நானும் பண்ணல. எனக்குப் பத்து வயசு அவன் போவும்போது. வந்துடுவான்னுதான் இருக்கேன்." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எங்களை உட்காரவைத்துவிட்டது. இருபத்தைந்து வருஷமாக ஒருத்தி இப்படி நம்பிக்கொண்டு இரண்டு தெரு தள்ளி இருந்திருக்கிறாள். நாங்கள் அவள் அண்ணனைக் கொன்று, மடித்துத் தா என்று அவளிடமே அனுப்பியிருக்கிறோம்.

"ஆயிரம் தாள்லயும் அவன் செத்துக் கெடக்குறான் சார். ஒண்ண மடிச்சாலும் நான் ஒத்துக்கினதா ஆயிடும்."

முசியே எடுத்துப்போன சேதாரம்

அந்த எட்டுப் பக்கத்தைத் திரும்பக் கோத்து அடிக்கலாமா என்றால் தாள் இல்லை. அந்தக் காலத்தில் அச்சுத் தாள் குதிரைக் கொம்பு என்பது உங்களுக்குத் தெரியும். தாள் கிடைத்தாலும் என்ன போட்டு அடிப்பது? செத்தான் என்று போட முடியாது, இருக்கிறான் என்றும் போட முடியாது. ஏகாம்பரம் மூலையில் உட்கார்ந்து, "பொஸ்தகமே வாணாம் சார், எடுத்துக் கொளுத்திடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பேரை நிறுத்த வந்த மனுஷனுக்கு, அந்தப் பேருக்குரியவனின் தங்கச்சி முகத்தில் விழிக்க முடியாமல் ஆகிவிட்டது.

அப்போதுதான் லூர்துசாமி முசியே வந்தார். முசியே என்றால் பிரெஞ்சில் ஐயா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற பழைய சொல்தா. எழுபது வயதிலும் பேண்ட் மடிப்பு கலையாது. சர்ச்சில் பேத்திக்கு நடக்கும் புதுநன்மை விழாவுக்குக் கார்டு அடிக்க வந்தவர், மேஜைமேல் இருந்த தாளை எடுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எட்டுப் பக்கமும் படித்தார். நாங்கள் விஷயத்தைச் சொன்னதும் அம்சவேணியை மேலும் கீழும் பார்த்தார். "பட்டாள நம்பர் இருக்கா?" என்றார். இல்லை. "நம்பர் இல்லாம பிரான்சுல ஒருத்தனும் தேட மாட்டான்" என்று சொல்லிவிட்டு, இந்தத் தாள் கூடுதலாக இருக்கிறதா என்று கேட்டார். ஆயிரம் அடித்தால், மடிக்கும்போது கிழிவதற்கும் மை அப்புவதற்கும் முப்பது தாள் கூடுதலாக அடிப்பது வழக்கம். சேதாரம் என்று சொல்வோம். வேலை முடிந்ததும் அதில் வடை மடிப்பார்கள். அந்த முப்பதையும் கன்னியப்பன் எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொன்றின் தலைப்பிலும் 'இவன் தங்கை அம்சவேணி தேடுகிறாள்' என்று தன் விலாசத்தோடு முசியே எழுதிக்கொண்டார். முசியேவுக்கு அங்கே முப்பது பேர் விலாசமாவது தெரியும்; துலோனில் இருந்து பாரீஸ் வரை நம் ஊர்க் குடும்பங்கள். ஒரு கடிதம் எழுதினால் போதாதா முசியே, தாள் எதற்கு என்று நான் அசட்டுத்தனமாகக் கேட்டேன்.

"லெட்டர்னா ஒருத்தன் படிச்சிட்டு மடிச்சி வெச்சிடுவான் தம்பி. அச்சுல வந்துதுன்னா அடுத்தவன்கிட்ட காட்டாம இருக்க மாட்டான்."

கட்டிவைத்த பத்தாம் பாரம்

பதில் வரும்வரை புத்தகம் நிற்க வேண்டும் என்று முடிவாயிற்று. முடிவு சுலபம். ஆனால் பத்தாம் பாரம் கோத்தபடி நிற்கிறதே! அதிலும் ராஜவேலுவின் நினைவுகள்தான். உயிரோடிருந்தால் அதை மாற்றி எழுத வேண்டும், இல்லையென்றால் அப்படியே அடிக்க வேண்டும். கன்னியப்பனிடம் இருந்த எழுத்தில் அநேகமாக எல்லாமே அதில் மாட்டிக்கொண்டது. பிரித்துவிடுங்கள், உங்கள் பிழைப்பைப் பாருங்கள் என்றேன். அவர் கேட்கவில்லை. பக்கம் பக்கமாக நூல் கயிறு சுற்றி, பலகைமேல் வரிசையாக வைத்து, மேலே துணி போட்டு மூடினார். நாலு மாதம் அது அப்படியே இருந்தது. மிச்சமிருந்த எழுத்தில் சின்னச் சின்ன ரசீது, கார்டு மட்டும் அடித்தார். பக்கத்து மாவு மெஷின் ஓடும்போதெல்லாம் மாவு பறந்து அந்தத் துணிமேல் படியும். காலையில் வந்ததும் முதல் வேலையாக அதைத் தட்டிவிடுவார். எழுத்துக் கூலிக்காரர் என்று நான் நினைத்திருந்த மனுஷர், முன்பின் பார்க்காத ஒருவனுக்காகத் தன் அச்சகத்தையே முடக்கி வைத்திருந்தார். அவரை வாய்விட்டுப் பாராட்டினால் திட்டுவார் என்று நான் சும்மா இருந்தேன்.

தவளக்குப்பத்தில் உரக்கடை திறக்கப்போகிற ஒருவர் பெரிய நோட்டீஸ் அடிக்க வந்தார். எழுத்து இல்லை என்றதும், பலகைமேல் துணிக்கடியில் இருப்பது என்ன என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னோம். "எவனோ செத்தானா இல்லியான்னு தெரியறதுக்கு என் கடய தொறக்காம இருக்கணுமா?" என்று கத்திவிட்டுப் போனார். நியாயம்தானே! மூன்று வாரம் கழித்து அதே ஆள் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். நோட்டீஸ்தான் இன்னும் அடிக்கவில்லையோ என்று கன்னியப்பன் எழுந்தார்.

"நோட்டீஸ் வேற எடத்துல அடிச்சாச்சி, கடையும் தொறந்தாச்சி. அதுக்கு வர்ல. அந்த ஆளு உயிரோட இருக்கானா இல்லியா, அத்தச் சொல்லு."

கடைச் சுவரில் ஒட்டிய சாவு

நாலாம் மாதக் கடைசியில் முசியே வந்தார். வழக்கமாகக் கதவைத் தட்டிவிட்டு வருகிறவர் அன்று தட்டவில்லை. கையில் ஒரு தடித்த உறை. அதற்குள் எங்கள் ஐந்தாம் பாரம்! போன தாளே திரும்பி வந்திருந்தது. ஓரங்களில் எல்லாம் நீல மையில் தமிழ்க் கையெழுத்து. கன்னியப்பன் அம்சவேணியைக் கூப்பிட ஓடினார். ஏகாம்பரம் கையை நீட்டினார், ஆனால் வாங்கவில்லை. நான் படித்தேன். முப்பத்துமூன்றாம் பக்கம்: "என் தறி எண் பதினேழு அல்ல, பதினாலு." முப்பத்துநாலாம் பக்கம்: "கப்பல் ஏறிய அன்று போட்டிருந்தது ஏகாம்பரத்தின் சட்டை. திருப்பித் தரவில்லை. மன்னிக்கவும்." முப்பத்தைந்தாம் பக்கம்: "ஷெட்டில் பாடியது நான் அல்ல. எனக்குப் பாட வராது. ஏகாம்பரம்தான் பாடுவான்." ஏகாம்பரம் அங்கேயே தரையில் உட்கார்ந்து சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். இருபத்தைந்து வருஷமாகச் செத்துப்போயிருந்த ஒரு மனுஷன், தன் சாவுக்குப் புரூஃப் பார்த்து அனுப்பியிருந்தார். உலகத்தில் எந்தப் பதிப்பாளனுக்கு இது வாய்த்திருக்கும்?

கூட ஒரு கடிதமும் இருந்தது. மார்சேய் துறைமுகத்தில் வேலை. அங்கே நம் ஊர்க்காரர் ஒருவரின் மளிகைக் கடைக்கு அரிசி வாங்கப் போயிருக்கிறார். முசியே அனுப்பிய தாளைக் கடைக்காரர் மேல் ஓரத்தில் மட்டும் பசை தொட்டுச் சுவரில் ஒட்டியிருந்தாராம்; அதைத்தான் இவர் கேட்டு வாங்கிப் போய்த் திருத்தியிருக்கிறார். பழைய வீட்டு விலாசத்துக்கு நாலு கடிதம் போட்டேன், நாலும் திரும்பி வந்துவிட்டன, சொல்லாமல் போனதால் அம்மா கோபத்தில் திருப்பி அனுப்புகிறாள் என்று நினைத்து அதற்குமேல் எழுதவில்லை என்று இருந்தது. அப்பா இறந்த பிறகு இவர்கள் வீடு மாறிய கதை அவருக்கு எப்படித் தெரியும்? முப்பத்தொன்பதாம் பக்கத்தில் ஏகாம்பரம், "மூன்றாம் வருஷம் அவன் அம்மாவும் போய்ச் சேர்ந்தாள்" என்று எழுதியிருந்தார். அந்த வரிக்குக் கீழே ஒரு கோடு மட்டும் இருந்தது. ஓரத்தில் குறிப்பு ஒன்றும் இல்லை. அதற்குள் வந்துசேர்ந்திருந்த அம்சவேணி அந்தக் கோட்டை விரலால் தடவிக்கொண்டே நின்றாள். முசியேதான் கடிதத்தின் கடைசி வரியை அவளுக்குப் படித்துக் காட்டினார்.

"அம்சா, அரிசி வாங்கப் போன கடையில் என் சாவு ஒட்டியிருந்தது. அதைப் படித்துத்தான் நீ உயிரோடு இருக்கிறாய் என்று தெரிந்துகொண்டேன்."

துண்டுச் சீட்டு

முப்பத்தேழாம் பக்கத்தை நான் கடைசியாகத்தான் பார்த்தேன். சாவு எழுதிய வரிகளை அவர் கோடு போட்டு அடிக்கவே இல்லை. பக்கத்தில் சின்ன எழுத்தில், "இது காரைக்கால் ராஜவேலு, நிரவிக்காரன். எங்கள் பட்டாளக் கம்பெனியில் இரண்டு ராஜவேலு. நல்ல பிள்ளை. மழையா என்று கேட்டது அவன்தான். தண்ணீர் கொடுத்தது நான். இதை எடுக்க வேண்டாம்" என்று எழுதியிருந்தார். டீக்கடையில் சொன்ன பட்டாளத்துக்காரன் பொய் சொல்லவில்லை. ஆள்தான் மாறிவிட்டது. இப்போது என்ன செய்வது என்று எல்லோரும் அம்சவேணியைப் பார்த்தோம். கட்டு நாலு மாதமாக மேஜைக்கடியில் தூசி படிந்து கிடந்தது. அவள் குனிந்து அதை இழுத்தாள். "அவனும் எவளோ ஒருத்திக்கு அண்ணன்தான். குடுங்க, மடிக்கிறேன்" என்றாள்.

பிழைதிருத்தம் என்று புத்தகத்தில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டுவோமே, அது நமக்கெல்லாம் மானக்கேடு. அந்தப் புத்தகத்தில் மட்டும் எனக்கு அது பெருமை. கன்னியப்பன் அதைத் தடித்த எழுத்தில் கோத்தார்: "பக்கம் 37இல் இறப்பவர் காரைக்கால் ராஜவேலு. இந்தக் கதையின் ராஜவேலு மார்சேயில் நலமாக இருக்கிறார்." தறி எண்ணும் சட்டையும் பாட்டும் அதற்குக் கீழே. பத்தாம் பாரத்தின் கயிற்றை அவிழ்த்து, ஏகாம்பரம் மாற்றி எழுதியதைக் கோத்து, மிச்சப் பாரங்களையும் அடித்து முடித்தோம். சீட்டு ஒட்டும் வேலையில் அம்சவேணி வேறு யாரையும் கைவைக்க விடவில்லை. மைதாப் பசைக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு நாலு நாள் ஒற்றை ஆளாக உட்கார்ந்து ஆயிரம் புத்தகத்திலும் ஒட்டினாள். நகக்கண்ணெல்லாம் பசை காய்ந்திருந்தது. கடைசிப் புத்தகத்தை மூடி என் கையில் கொடுத்தாள்.

"ஆயிரம் தபா ஒட்டிட்டேன் சார். இனிமே எவனாச்சும் எங்கண்ணன் செத்துட்டான்னு சொல்லட்டும், பாக்கலாம்."

நிரவிக்குப் போன பிரதி

தனக்கு இரண்டு பிரதி அனுப்பச் சொன்ன மார்சேய் ராஜவேலு, இன்னும் ஒரு பிரதியை நிரவியில் அந்த இன்னொரு ராஜவேலுவின் வீட்டில் சேர்க்கச் சொல்லியிருந்தார். கோயில் பக்கத்துத் தெரு, தட்டார் வீட்டுக்கு எதிர்வீடு என்று நினைவில் இருந்ததை எழுதியிருந்தார். ஏகாம்பரமும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினோம். வழி முழுக்க ஏகாம்பரம் புத்தகத்தைத் துண்டில் சுற்றி மடியிலேயே வைத்திருந்தார். வீடு அங்கேயே இருந்தது. செத்துப்போனவரின் தம்பி வெளியே வந்தார். நாற்பது வயது, வயலிலிருந்து வந்த கால் கழுவவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஏகாம்பரம் புத்தகத்தைப் பிரித்து முப்பத்தேழாம் பக்கத்தை நீட்டினார்.

அவர் நின்றபடியே படித்தார். ஒருமுறை முடித்துவிட்டு மேலிருந்து திரும்பப் படித்தார். மழையா என்று கேட்ட இடத்தில் விரலை வைத்துக்கொண்டு உள்ளே பார்த்து, "அக்கா, இங்க வா" என்று கூப்பிட்டார். ஒரு அம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அவருக்கு அதை வாய்விட்டுப் படித்துக் காட்டினார். அந்த அம்மாள் எங்களை யார், எவர் என்று கேட்கவில்லை. உள்ளே போய் இரண்டு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து எங்கள் கையில் கொடுத்தார். ஏகாம்பரத்தால் குடிக்க முடியவில்லை. தப்பான ஆளைப் பற்றி அவர் எழுதிய அந்த நாலு வரிதான், இருபத்தைந்து வருஷம் காத்திருந்த சரியான வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. நான் போட்ட புத்தகங்களில் எது எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. இது ஒன்று போய்ச் சேர்ந்ததைக் கண்ணால் பார்த்தேன். கிளம்பும்போது தம்பி தெருமுனை வரைக்கும் கூடவே வந்தார்.

"சர்க்கார்லேர்ந்து பேப்பர் ஒண்ணுதான் வந்துச்சு. அண்ணன் கடைசியா என்ன பேசுச்சுன்னு இன்னைக்குத்தான் சார் எங்களுக்குத் தெரியுது."

இருபத்தைந்து வருஷம் செத்துப்போயிருந்த ஒருவர் ஒரே பார்வையில் நாலு பிழை கண்டுபிடித்த அந்த எட்டுப் பக்கத்தை, உயிரும் கண்ணாடியும் நல்லபடியாக இருந்த நான் மூன்று முறை புரூஃப் பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போட்டிருந்தேன் என்பதைப் புத்தகம் போடும் அன்பர்கள் தயவுசெய்து வெளியே சொல்லாமல் இருக்கவும்.